கை உயர்த்தியவர்கள் முன்னே வாருங்கள்

பத்து கார்டு வைத்தால் பத்து கார்டு இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தது.

ஜெபமலர் மறுபடியும் எண்ணினாள். பிரசங்க மேடைக்கு முன்னால் கிடந்த சின்ன மேசையில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில், விசிறிபோல விரித்து வைத்திருந்த இளநீலத் தீர்மானக் கார்டுகள் அவை. கூட்டத்தில் யாராவது மனந்திரும்பிக் கையை உயர்த்தினால், அவர்களை முன்னே கூப்பிட்டு, தலையில் கைவைத்து ஜெபித்து, பெயரும் ஊரும் எழுதி வாங்கிக்கொள்வதற்கானவை. ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஆலயத்தில் கூட்டமே கிடையாது. அவள் ஒருத்தி, இருபத்துநாலு பெஞ்சு, தகரக் கூரையில் மழை. வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் பழகிக்கொண்டிருந்தாள். பெஞ்சுகள் கார்டு எடுப்பதில்லை.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பைபிளை உதறிப் பார்த்தாள். காற்றடித்துப் பறந்திருக்குமோ என்று நினைத்தால் ஜன்னல் எல்லாம் சாத்திக் கொக்கி மாட்டியிருந்தது. தரையில் ஒன்றுமில்லை, கடைசி பெஞ்சுக்குக் கீழே கொஞ்சம் ஈரம் தவிர. கூரை ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒன்பதையும் ரப்பர் பேண்டில் சுற்றிப் பைக்குள் போட்டாள். கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்தில் ஓட்டை இல்லை என்பது தெரிந்திருக்கும்.

கன்மலை வேதாகமப் பாடசாலை, வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில், பெரிய சாலையை விட்டு விலகி, ஜீப் மட்டும் முனகிக்கொண்டு ஏறக்கூடிய பதினோரு வளைவுகளுக்கு மேலே இருந்தது. தேவனுக்கு அருகில் என்று விளம்பர நோட்டீஸில் போட்டிருந்தார்கள். போன் சிக்னலுக்கு எவ்வளவு தூரம் என்று போடவில்லை. கைவிட்டுப்போன தேயிலைத் தோட்டம் ஒன்றை யாரோ ஒரு வெளிநாட்டு விசுவாசி வாங்கிக் கொடுத்திருந்தார். துரை பங்களா ஆபீஸ் ஆனது, கூலியாட்கள் குடியிருந்த லயங்கள் ஹாஸ்டல் ஆயின, கொழுந்து உலர்த்திய நீளக் கொட்டகைக்குச் சிலுவை வைத்து ஆலயம் என்றார்கள். சிலுவை வைத்து எட்டு வருஷமாகியும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து பழைய தேயிலைத் தூளின் வாசனை வந்துகொண்டுதான் இருந்தது.

ஜெபமலர் அங்கே வந்து சேர்ந்த கதை கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் சந்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்பா கொத்தனார், வள்ளியூரிலிருந்து கரண்டியும் மட்டக்கோலுமாகத் திருவனந்தபுரம் வந்தவர். அம்மா கிழக்கேகோட்டை ஹோட்டல் ஒன்றில் காய் நறுக்குகிறாள். மகளுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது, பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பிழைத்தது. பொருத்தனை பண்ணியது அம்மா, மலையேறியது மகள். நடுவில் யாரும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

மகளுக்கோ நர்ஸ் ஆக வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் நாகர்கோவிலில் விண்ணப்பம் போட்டு, இடமும் கிடைத்துவிட்டது. வருகிற புதன்கிழமைக்குள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடு நேரில் போய் நிற்க வேண்டும். சர்ட்டிபிகேட்டோ பிரின்ஸிபால் பாஸ்டர் ஞானசிகாமணியின் இரும்பு பீரோவில். படிப்பு முடிந்தால்தான் பீரோ திறக்கும். படிப்பு முடிய ஒரே ஒரு பரீட்சை பாக்கி. பிரசங்கப் பரீட்சை. அதில் அவள் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தாள். வருகிற ஞாயிறு மூன்றாவது. அதிலும் போனால் இன்னொரு முழு வருஷம் இந்த மலையில், இந்த மழையில், இந்தத் தேயிலை வாசனையில்.

தோற்றதற்குக் காரணம் வசனம் தெரியாததல்ல. பரீட்சைக்கு ஒரு சட்டம் உண்டு: பிரசங்கத்தின் முடிவில் அழைப்புக் கொடுத்தால் சபையில் ஒரு கையாவது எழும்ப வேண்டும். சபை என்றால் பக்கத்து லயங்களில் மிச்சமிருந்த வயசாளிகள் பதினைந்து பேர். வருஷாவருஷம் பரீட்சைக்குப் பரீட்சை மனந்திரும்பி அவர்களுக்கும் அலுத்துவிட்டது. ஜெபமலர் நடுங்கின குரலில் கூப்பிட்டபோது ஒருவர் கொட்டாவி விட்டார், ஒரு அம்மாள் வெற்றிலைப் பையைத் திறந்தாள். கை எழும்பவில்லை.

"நீங்க கைய எண்ணிட்டு நிக்கீங்க சிஸ்டர், அதாக்கும் தப்பு. கைய உண்டாக்கணும்" என்றான் தங்கபாண்டி. அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவன். மைக் கையில் கிடைத்தால் அடுத்தவனுக்குத் தரமாட்டான் என்பது ஊரறிந்தது.

"இல்லாத கைய எப்படி பிரதர் உண்டாக்குறது?"

"எல்லாரும் கண்ண மூடியிருப்பாங்கல்லா? யாருக்குத் தெரியும்? பின்னால ஒரு கை, பாக்கிறேன், கர்த்தர் ஆசீர்வதிப்பாராகன்னு சும்மா அடிச்சுவிடுங்க. ஓ, வேற யாரோ தூக்கிட்டாங்கன்னு நெனச்சு ரெண்டாவது ஆளு நெசமாவே தூக்குவான். பிறகு, இன்னும் ஒருவர் இருக்கீங்களா, ஒருவருக்காகக் காத்திருக்கேன்னு ஒரு இழு. அவ்வளவுதான்."

"அது பொய்யில்லியா?"

"விசுவாசம் சிஸ்டர், விசுவாசம்!" என்று சிரித்தான். "ஆலயத்துல தனியா நின்னு பழகுங்க. வெறும் பெஞ்சுல கையப் பாக்கப் பழகிட்டா ஞாயித்துக்கிழம தானா வரும்."

அதைத்தான் புதன்கிழமை செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "கடைசி பெஞ்சில் ஒரு கை, கையைப் பார்க்கிறேன். கை உயர்த்தியவர்கள் முன்னே வாருங்கள்" என்றாள். ஒரு கை என்றாள். ஒரு கார்டு போனது.

அப்போது அதை அவள் கூட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை கொஞ்சம் தைரியம் வந்து மூன்று கையைப் பார்த்தாள். இடதுபக்கம் ஒன்று, தூணுக்குப் பக்கத்தில் ஒன்று, "அங்கே, சின்னக் கை ஒன்று" என்று குழந்தையையும் சேர்த்துக்கொண்டாள், உருக்கமாக இருக்குமென்று. உண்மையிலேயே உருக்கமாகத்தான் இருந்தது. குரல் நடுங்கவில்லை. கொட்டகையின் அந்த முனைவரை போய்த் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்து மேசையைப் பார்த்தபோது ஆறு கார்டு.

குரங்கு என்று முடிவு செய்தாள். மலையில் எதைக் காணோமென்றாலும் குரங்குதான்.

வெள்ளிக்கிழமை காலையில் சமையல்கட்டிலிருந்து மாடத்தி அக்கா கூப்பிட்டாள். முழுப்பெயர் சுடலைமாடத்தி. ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்குப் பாஸ்டர் சாறாள் என்று மாற்றிவைத்தார். சாப்பாடு தாமதமானால் பாஸ்டர் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், மற்றபடி அவள் மாடத்திதான்.

"ஏட்டி, படிச்ச பிள்ளதான நீ? இத எதுக்கு வெறகுக்குள்ள சொருகி வச்சிருக்க? அடுப்புல போயிருக்கும்."

நாலு கார்டு. ஈரத்தில் ஊதிப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"நான் வைக்கல அக்கா."

"பின்ன யாரு, ஆபிரகாமா?"

ஜெபமலர் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பெயர் எழுத வேண்டிய கோட்டின் மேல் பெயர் இல்லை. செம்மண்ணில் தோய்த்து அழுத்திய பெருவிரல் ரேகை. நாலிலும். முதல் மூன்றும் பெரியவர்களுடையவை, தேய்ந்துபோன, நடுவில் வெட்டுக்காயத் தழும்பு ஓடிய விரல்கள். நாலாவது, புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது.

கடைசி பெஞ்சில் ஒன்று. இடதுபக்கம் ஒன்று. தூணுக்குப் பக்கத்தில் ஒன்று. சின்னக் கை ஒன்று.

"அக்கா, ஆலயத்துல முன்னால என்ன இருந்துச்சு?"

மாடத்தி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "கொட்டகைக்கு முன்னாலயா? பெரட்டுக்களம்னு எங்க மாமியா சொல்லுவா. அவ இங்கதான் கொழுந்து எடுத்தா. வெடியக்காலம் எல்லாரும் வரிசையா நிக்கணும், கங்காணி வந்து ஆளெண்ணுவான். மழைன்னா தலையில சாக்கப் போட்டுக்கிட்டு, கையத் தூக்கிட்டே நிக்கணும். அவன் பாத்தாச்சுன்னு சொன்னாத்தான் கைய எறக்கலாம். ஒரு மழையில, கங்காணி வரதுக்கு முன்னால மலை சரிஞ்சு எறங்கிருச்சாம். நின்ன வரிச நின்னபடி உள்ள போச்சு."

"எத்தன பேரு?"

"எண்ணலியே ட்டி. எண்ணுறதுக்கு முன்னாலதான போனாங்க." தேங்காய் மூடியைத் தட்டினாள். "மாமியா சொன்னது. அவ சொல்றதுல பாதி பொய்யி. நீ மொகத்த அப்பிடி வச்சுக்காத, பயந்து பேடிச்சுப் போயிருவ."

அன்று சாயங்காலம் ஆலயத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். பாஸ்டர் விடவில்லை. நேற்று வராந்தாவில் நின்று கேட்டாராம், உள்ளம் குளிர்ந்துபோயிற்றாம்.

"அழைப்பு நல்லா வந்திருக்கு மக்களே. ஞாயித்துக்கிழம பாஸ் ஆயிருவ. ஒரே ஒரு காரியம். அழைச்சவதான் முடிக்கணும், கேட்டியா? முன்னால வந்த ஆத்துமாவுக்குத் தலையில கைவச்சு ஜெபிச்சு, ஆமென் சொல்லி அனுப்பணும். நீ வாருங்கள்னு சொன்னதோட பைய எடுத்துட்டுப் போயிருத. வந்தவங்க நின்னுட்டே இருப்பாங்கல்லா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். பாஸ் ஆயிருவ என்ற வார்த்தையில் ஜெபமலருக்கு இரும்பு பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. போனாள்.

சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கண்ணை இறுக மூடி ஆரம்பித்தாள். வாய் அவளைக் கேட்கவில்லை. அதற்குப் பழகிவிட்டது. ஒரு கை, அங்கே இன்னொரு கை, ஜன்னலோரம் இரண்டு, நன்றி, பார்க்கிறேன், வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று. ஆறு. மீதமிருந்தது ஆறு கார்டுதான் என்பது சொல்லி முடித்த பிறகே நினைவுக்கு வந்தது. "கை உயர்த்தியவர்கள் முன்னே வாருங்கள்."

கடைசி பெஞ்சு கிரீச்சிட்டது.

உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தால் வருகிற சத்தம். பலகை பாரத்தை விட்டு மேலே வரும் சத்தம். பிறகு அதற்கு முந்தின பெஞ்சு. பிறகு தூணோரத்துப் பெஞ்சு. ஜெபமலர் பையையும் எடுக்கவில்லை, கார்டையும் பார்க்கவில்லை. பக்கக் கதவு வழியாக ஓடினாள்.

சனிக்கிழமை எல்லோரும் வித்துராவுக்குத் தெருப் பிரசங்கத்துக்குப் போகிற நாள். பாஸ்டர், பாஸ்டரம்மா, பதினெட்டு மாணவர்கள், ஒரு டோலக். காலை பத்து மணிக்கு ஜீப் இரண்டு நடையாக இறக்கிக்கொண்டு போயிற்று. பரீட்சைக்காரி மட்டும் இருந்து பழகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நானும் வருகிறேன் என்று அவள் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பாஸ்டரம்மா, "என்னது, சின்னப் பிள்ளை மாதிரி" என்றாள். வாரத்தில் அன்று ஒருநாள்தான் போன் கையில் கொடுப்பார்கள். அது ஒன்றுதான் ஆறுதல்.

பகல் பன்னிரண்டுக்கு மழை வலுத்தது. இரண்டு மணிக்கு எங்கோ கீழே ஒரு மரம் முறிந்து விழும் சத்தம், பல்லைக் கடித்தது போல, மலை முழுக்கக் கேட்டது. மழை விட்டதும் மூடுபனி ஏறியது. முதலில் தேயிலைச் சரிவு போயிற்று, பிறகு கேட், பிறகு ஆபீஸ் கட்டடம். பட்டப்பகல்தான். ஆனாலும் பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை.

துரை பங்களா வராந்தாவின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் ஒரு கோடு கிடைக்கும். தங்கபாண்டியைக் கூப்பிட்டாள்.

"ஒன்பதாம் வளைவுல மரம் விழுந்து கெடக்கு சிஸ்டர். வெட்டிட்டு இருக்காங்க, நாலஞ்சு மணி ஆவும். என்ன, கொரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னாள். கார்டு, ரேகை, பெஞ்சு, எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கேட்டது.

"அழைப்பு குடுத்து முடிக்காம விட்டுட்டீங்க, அதான் வெயிட் பண்றாங்க. போயி ஒரு முடிவு ஜெபம் பண்ணி ஆமென் சொல்லிருங்க. பரீட்சைக்குப் பிராக்டிஸும் ஆச்சு, பேயும் போச்சு. சிஸ்டர்? ஹலோ?"

கோடு போயிற்று.

அவள் முதலில் செய்தது, புத்தியுள்ள எந்தப் பெண்ணும் செய்வதுதான். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். நடந்தே இறங்கிவிடலாம், மரம் வெட்டுகிற இடம் வரைக்கும் போனால் போதும். முதல் வளைவு வந்ததும் நின்றாள்.

சாலை முழுக்கக் கால் தடங்கள். செம்மண் சேற்றில் அழுந்திய வெறுங்கால்கள். பெரியவை, சிறியவை, விரல் அகன்றவை, குதிகால் வெடித்தவை. ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் மேல்நோக்கிப் போயிருந்தன, பாடசாலையைப் பார்த்து. இறங்கி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. தடங்களில் இன்னும் தண்ணீர் தேங்கவில்லை.

பனிக்குள்ளிருந்து, வளைவுக்குக் கீழே, ஈரச் சாக்கு ஒன்று உரசும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல.

திரும்பி வந்துவிட்டாள். ஓடவில்லை. ஓடினால் அவர்களும் ஓடுவார்களோ என்று.

சமையல்கட்டில் மாடத்தி இருந்தாள். அவளிடம் போய் ஒட்டிக்கொண்டு நின்றாள். "என்னட்டி, வெறயல் எடுக்குதா?" என்று மாடத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "கூட வரீங்களா அக்கா, ஆலயத்துக்கு? ஒரு ஜெபம் மட்டும்." இருபது பேர் பசியோடு வருவார்கள், புட்டுக்கு மாவு இடித்தாகவில்லை, கிறுக்குப் பிடித்த மாதிரி பேசாதே, வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இடிக்கிறேன், உனக்கு அங்கே வரைக்கும் கேட்கும் என்றாள். கேட்கத்தான் செய்தது. ஆலய வாசலில் நின்றபோதும் உலக்கை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. தொம். தொம். அந்தச் சத்தம் இருக்கும்வரை ஒன்றுமில்லை என்று ஜெபமலர் நினைத்துக்கொண்டாள். மணி நாலு. ஒரு ஜெபம். ஆமென். நாளைக்கு ஒரு கை. புதன்கிழமை நாகர்கோவில்.

உள்ளே தேயிலை வாசனை இல்லை. வேறு வாசனை. நனைந்த கம்பளி, வெற்றிலை, நாள்பட்ட வியர்வை, தோண்டிப் புதிதாகத் திறந்த மண். பெஞ்சுகள் காலியாக இருந்தன. மேசையில் கார்டு ஒன்றுகூட இல்லை, தண்ணீர் டம்ளர் மட்டும் கலங்கிச் சிவந்திருந்தது. அவள் மேடைக்கு முன்னால் போய் நின்று, பழக்கப்படி, கண்ணை மூடினாள்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது, கண்ணை மூடியிருக்கக்கூடாது என்று.

"ஒவ்வொரு தலையும் தாழ்ந்திருக்கட்டும்" என்று ஆரம்பித்தாள். "ஒவ்வொரு கண்ணும் மூடியிருக்கட்டும்."

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எல்லாம் ஒரே சமயத்தில்.

தொம். தொம். உலக்கை விழுந்துகொண்டிருந்தது.

"முன்னே வந்தவர்களுக்காக ஜெபிக்கப்போகிறேன்."

ஈரக் காலடிகள் சிமெண்டில் வந்தன. நிதானமாக, அவசரமில்லாமல், வரிசையில் நின்று பழகியவர்களின் நடை. அவளுக்கு முன்னால் நின்றன. யாரோ முழங்காலில் அமர்ந்தார்கள், மூட்டுகள் முறிகிற சத்தம். மூச்சு விடும் சத்தம் மட்டும் இல்லை.

வலது கையை நீட்டினாள். வேண்டுமென்றுதான் நீட்டினாளா, தெரியவில்லை. விரலில் சாக்குத் துணி பட்டது. சொட்டச் சொட்ட நனைந்த சாக்கு. அதற்குக் கீழே தலை. மண்டையின் ஒரு பக்கம் கையைத் தாங்கவில்லை. உள்ளே போயிற்று.

"ஆசீர்வதியும்" என்றாள். "ஆமென்."

தலை விலகியது. அடுத்த தலை வந்தது.

இரண்டு. மூன்று. நாலாவதுக்குக் கையைத் தணிக்க வேண்டியிருந்தது. இடுப்பு உயரத்துக்கு. இன்னும் கீழே. சுருட்டை முடி, மண் அப்பி இறுகியிருந்தது. அந்தத் தலை அவள் உள்ளங்கையில் ஒருமுறை உரசிக்கொண்டது, பூனைக்குட்டி மாதிரி. ஜெபமலர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் செத்துவிடுவாள்.

ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

அவ்வளவுதான். பத்து பேரைத்தான் கூப்பிட்டாள். புதனில் ஒன்று, வியாழனில் மூன்று, நேற்று ஆறு. முடிந்தது. இனி ஒரே ஒரு வார்த்தை, சமாதானத்தோடு போங்கள், அவ்வளவே. வாயைத் திறந்தாள்.

மூன்று நாள் பழகிய வாய்.

"இன்னும் ஒருவர் இருக்கிறீர்களா?" என்றது. தெளிவாக, உருக்கமாக, கொட்டகையின் கடைசிவரை. "ஒருவருக்காகக் காத்திருக்கிறேன்."

உலக்கை நின்றது.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. எந்தச் சத்தமும் இல்லை. காலடி இல்லை, பெஞ்சு இல்லை. கண் தானாகத் திறந்துகொண்டது.

யாருமில்லை. பெஞ்சுகள் காலி. தரையெல்லாம் செம்மண் தடம், எல்லாம் அவளை நோக்கி வந்தவை. திரும்பிப் போனது ஒன்றுமில்லை. ஆனால் யாருமில்லை. அதுபோதும். வாசலுக்கு ஓடினாள். "அக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். சமையல்கட்டுப் பக்கமிருந்து பதில் வரவில்லை. கதவைத் தள்ளித் திறந்து வெளியே வந்தாள்.

ஆலயப் படியிலிருந்து பார்த்தால், கீழே மூடுபனி ஆளுயரத்துக்கு இறங்கியிருந்தது. வெள்ளையாக, சமமாக, பால் ஊற்றி வைத்தது போல. அதற்கு மேலே கைகள்.

முற்றத்தில். கேட்டில். லயங்களின் கூரையோரம். தேயிலைச் சரிவு முழுக்க, செடிக்கொரு கையாக, வரிசை வரிசையாக, முதல் வளைவுவரை, அதற்குக் கீழும். தலைகள் இல்லை. பனிக்கு மேலே கைகள் மட்டும். செம்மண் பூசிய உள்ளங்கைகள், அவள் பக்கம் திருப்பி. அசையாமல். பார்க்கச் சொல்லி.

இத்தனையையும் யார் எண்ணுவது?

கீழே ஜீப் முனகியது.

ஜெபமலருக்கு அழுகை வந்தது. மரத்தை வெட்டிவிட்டார்கள். வந்துவிட்டார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப் நின்றது, கதவை அடித்துச் சாத்திய சத்தம், பழக்கமான குரல்கள், டோலக்கை யாரோ தட்டியது, பாஸ்டரம்மாவின் இருமல். "எம்மா, என்னா மஞ்சு, கண்ணே தெரியல" என்றாள் ஒருத்தி. அந்தக் கைகளுக்கு நடுவே அவர்கள் நடந்து வந்தார்கள். ஒருவர் தோளில் ஒரு விரல் உரசியது. அவர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர்!" தங்கபாண்டி குடையோடு முன்னால் வந்தான். "சிஸ்டர், எங்க இருக்கீங்க? பேய ஓட்டியாச்சா?"

இங்கே, என்றாள். சத்தம் வரவில்லை. வாயில் மண் ருசித்தது. காலைத் தூக்கப் பார்த்தாள். கணுக்கால்வரை புதைந்திருந்தது, இறுக்கமாக, எப்போதும் அங்கேயே நின்றது போல. இடதுபக்கம் ஒரு தோள் அவள் தோளோடு ஒட்டியிருந்தது. வலதுபக்கம் இன்னொன்று, வளையல் போட்ட கை, மாவு படிந்த விரல்கள். வரிசையில் நடுவில் ஒரு இடம் விட்டு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அதில் அவள் சரியாகப் பொருந்தியிருந்தாள்.

அவன் பார்ப்பான். இவ்வளவு பக்கத்தில் நிற்கிறான், குடையிலிருந்து வடியும் தண்ணீர் அவள் முகத்தில் தெறிக்கிறது. கையைத் தூக்கினால் பார்ப்பான். அவள் நினைத்து முடிப்பதற்குள் கை தானாக எழும்பியது. உயர்ந்து நின்றது. இறக்கப் பார்த்தாள்.

இறங்கவில்லை.

தங்கபாண்டி அவள் முகத்துக்கு நேரே பார்த்தான். அவளைத் தாண்டிப் பார்த்தான். "எங்கயோ ஒளிஞ்சிருக்காங்க, என்னையப் பேடிப்பிக்க" என்று பின்னால் திரும்பிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குடையைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கையை மைக் போல வாயருகே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றுமில்லாத பனியை நோக்கி, தன் பிரசங்கக் குரலில் இழுத்தான்.

"பின்னால் ஒரு கை. பார்க்கிறேன்... கையைப் பார்க்கிறேன். கை உயர்த்தியவர்கள் எல்லாரும் முன்னே வாருங்கள்."

சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் காலை எடுத்து வைத்தது.

ஜெபமலரின் காலும்.